தினைக்கதிரிலும் வரப்புப் புல்லிலும் யார் யார் குடியிருக்கிறார்கள்?

நெல்லுக்கோ சிறுதானியத்துக்கோ நோய் என்று எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் ஒரு வரி தவறாமல் இருக்கும்: வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் உள்ள புல்லை அகற்றவும், பூச்சியும் பூஞ்சையும் அதில்தான் தங்குகின்றன. இதில் பாதி சரி. பூச்சிகளில் பலவற்றுக்குப் பொருந்தும். பூஞ்சைகளில் பலவற்றுக்குப் பொருந்தாது. எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்ள நல்ல வழி, தினையையும் அதன் காட்டு உறவினர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இந்தப் புல் குடும்பத்தில் குடியிருக்கும் உயிர்களில் சில ஒரே வீட்டை விட்டு நகராதவை. சில எந்த வீட்டுக் கதவு திறந்திருந்தாலும் நுழைபவை. எப்போதாவது ஒன்று வீடு மாறிவிட்டால் அதன் விளைவை ஆயிரக்கணக்கான வருடங்கள் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. நம் நெல்லுக்கு நடந்தது அதுதான்.

முதலில் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். தாவரவியலில் செட்டாரியா என்ற பேரினம். நரி வால் போலக் கதிர் மொத்தமாக, மயிர் மயிராக இருக்கும் புற்கள். நாம் பயிரிடும் தினை செட்டாரியா இட்டாலிகா. அதன் காட்டு மூதாதை செட்டாரியா விரிடிஸ். வட சீனாவில் அதிலிருந்துதான் தினை பயிராக்கப்பட்டது. நம் பக்கத்து வயல்களில் அதிகம் பார்ப்பது வேறு இரண்டு. ஒன்று மஞ்சள் மயிரோடு நிற்கும் செட்டாரியா புமிலா. இன்னொன்று செட்டாரியா வெர்டிசில்லாட்டா. இது வேட்டியிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கதிர் இன்னொரு கதிரில் சிக்கிப் பந்தாகக் கிடக்கும். கதிரை விரலுக்கிடையில் வைத்து நுனியை நோக்கி உருவினாலே காரணம் தெரிந்துவிடும். மற்ற செட்டாரியாக்களின் மயிரில் இருக்கும் நுண்முட்கள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும், அதனால் அந்தத் திசையில் கை வழுக்கிக்கொண்டு போகும். இதில் முட்கள் கீழ்நோக்கி இருப்பதால் கை பிடித்து நிறுத்தப்படும். மயிர் என்று சொன்னாலும் அவை மயிர் அல்ல. பூ வைக்காமல் நின்றுபோன கிளைகள். ஒவ்வொரு மணிக்கடியிலும் இப்படி ஒன்றிரண்டோ பலவோ நிற்கும்.

இந்த ஒட்டுப் புல்லைக் களை என்று ஒதுக்கிவிட முடியாது. கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் சுமார் 4,000, 5,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புதிய கற்கால மக்களின் சாம்பல் மேடுகளிலும் குடியிருப்புகளிலும் கிடைத்த கருகிய தானியங்களில் செட்டாரியா வெர்டிசில்லாட்டா முக்கியமானது. தினை தக்காணத்துக்கு வந்து சேரும் முன்பே அதன் உறவுக்காரப் புல் இங்கே சோறாக இருந்திருக்கிறது. மஞ்சள் மயிர் புமிலாவையும் தென்னிந்தியாவில் சில இடங்களில் சாமையோடு சேர்த்து விதைத்து, சேர்த்தே அறுத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். ஆக, களைக்கும் பயிருக்கும் இடையில் உள்ள கோடு இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் மங்கலானதுதான்.

சரி, குடியிருப்பவர்களிடம் வருவோம். அவர்களில் பெரிய பெயர் குலை நோய்ப் பூஞ்சை, பைரிகுலேரியா ஒரைசே.

தினை இலையில் குலை நோய் வந்தால் முதலில் தெரிவது வட்டமான சிறு புள்ளிகள். நடுவில் வைக்கோல் நிறம், ஓரத்தில் பழுப்பு. நெல்லில் அது நீண்டு கண் வடிவம் எடுக்கும். புள்ளியின் நடுப்பகுதியை ஈரமான காலையில் பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தால் சாம்பல் நிறத்தில் மெல்லிய வளர்ச்சி தெரியும். அதன் நுனிகளில் பேரிக்காய் வடிவ வித்துகள், ஒவ்வொன்றிலும் மூன்று அறைகள். ஒரே புள்ளியிலிருந்து ஓர் இரவில் ஆயிரக்கணக்கில் கிளம்பும்.

அந்த வித்து இலைமேல் விழுந்த பிறகு செய்வது பூஞ்சை உலகிலேயே ஆச்சரியமான வேலைகளில் ஒன்று. புல் இலையின் மேற்பரப்பு மெழுகு, தண்ணீர் நிற்காது. வித்தின் நுனியில் இருக்கும் பசை அதை அங்கே ஒட்டவைக்கிறது. பனித்துளி கிடைத்ததும் ஒரு குழாய் முளைக்கிறது. குழாயின் முனை உருண்டு, குவிமாடம் போல ஓர் அழுத்தும் உறுப்பாகிறது. அதன் சுவரில் மெலனின் என்ற கறுப்பு நிறமி படிகிறது. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் கொடுப்பதும் மெலனின் வகைதான். அந்தப் படலம் தண்ணீரை உள்ளே விடும், உள்ளே சேர்ந்திருக்கும் கிளிசராலை வெளியே விடாது. தண்ணீர் உள்ளே போகப் போக அழுத்தம் ஏறிக்கொண்டே இருக்கும். அளந்து பார்த்தபோது சுமார் 8 மெகாபாஸ்கல் வரை போயிருக்கிறது, அதாவது கார் டயரில் உள்ள காற்றழுத்தத்தைப்போல 40 மடங்குக்குப் பக்கம். அந்த அழுத்தத்தில் அடியிலிருந்து ஒரு நுண்ணிய ஆணி கிளம்பி இலையின் தோலைக் குத்தித் திறக்கிறது. இதெல்லாம் நடக்க இலை பல மணி நேரம் ஈரமாக இருக்க வேண்டும். காவிரி டெல்டாவில் மார்கழி, தை மாதங்களின் குளிர்ந்த பனி இரவுகளில் குலை நோய் ஏன் பொங்குகிறது என்பதற்கு இதுதான் விடை.

டிரைசைக்ளசோல் என்ற மருந்தை டெல்டா விவசாயிகள் நன்றாக அறிவார்கள். அது பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. மெலனின் இல்லாமல் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாமல் ஆணி இறங்காது. அதனால்தான் நோய் முற்றிய பிறகு அடித்தால் பணம் வீண், முன்னாலேயே அடித்தால் பலன்.

இந்தப் பூஞ்சை நெல்லுக்கு எங்கிருந்து வந்தது? 2005-ல் ஆய்வாளர்கள் பல புற்களிலிருந்து சேகரித்த குலை நோய்ப் பூஞ்சைகளின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். நெல்லைத் தாக்கும் கூட்டத்துக்கு மிக நெருக்கமான உறவு செட்டாரியாவைத் தாக்கும் கூட்டம்தான். நெல் பயிராக்கப்பட்ட காலத்தை ஒட்டி, சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் தினையிலிருந்து நெல்லுக்கு அது தாவியிருக்க வேண்டும் என்று கணித்தார்கள். முழு மரபுத்தொகையை வைத்துப் பின்னால் போட்ட கணக்குகளில் காலம் முன்பின்னாக நகர்கிறது. தினைக்கும் நெல்லுக்கும் இடையே அந்த உறவு இருப்பது மட்டும் மாறவில்லை.

இது நடக்கக்கூடிய இடம்தான் என்பதற்குத் தொல்லியலும் துணை நிற்கிறது. சீனாவின் வடக்கே மஞ்சளாற்றுப் பக்கம் தினையும் பனிவரகும், தெற்கே யாங்சி ஆற்றுப் பக்கம் நெல்லும் என்றுதான் பொதுவாகப் பிரித்துச் சொல்வார்கள். ஆனால் யாங்சியின் மத்தியப் பகுதியில், ஹூனான் மாகாணத்தின் செங்தோஷான் என்ற இடத்தில், சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய நெல் வயல்களோடு தினையும் கிடைத்திருக்கிறது. இரண்டும் அக்கம்பக்கத்தில் விளைந்த ஊர்கள் இருந்தன. அது போதும். காற்றில் வரும் வித்துக்கு இரண்டு வயல்களுக்கு நடுவில் இருக்கும் வரப்பு ஒரு தடையே இல்லை.

அப்புறம் நெல்லோடு நெல்லாக அது உலகம் சுற்றியது. இந்தியாவில் அதன் பெயர் பெரிதாக அடிபட்டது 1919-ல், சென்னை மாகாணத்தின் தஞ்சாவூர் டெல்டாவில் அது பேரழிவாக வந்தபோது. தினைப்புனத்திலிருந்து தஞ்சைக் கழனிவரை நீளும் இந்த ஒரு கோட்டை நினைத்தால் எனக்கு எப்போதும் வியப்புதான்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். தினையிலிருந்து நெல்லுக்குத் தாவியதென்றால், இன்றும் வரப்பில் நிற்கும் செட்டாரியாவிலிருந்து நெல்லுக்குத் தாவுமே? அங்கேதான் விஷயம் நுட்பமானது.

ஒவ்வொரு புல்லிலும் காவல் புரதங்கள் இருக்கின்றன. பூஞ்சை நுழையும்போது அது செலுத்தும் புரதங்களில் ஏதாவது ஒன்றை இவை அடையாளம் கண்டுகொண்டால் போதும், அந்த இடத்து செல்கள் தாமே செத்து வழியை அடைத்துவிடும். ஆகவே ஒரு பூஞ்சை எந்தப் புல்லில் வாழும் என்பதை அதன் பலத்தைவிட, அது எதை மறைக்கத் தெரிந்தது என்பதே தீர்மானிக்கிறது. 1990களில் இதற்குத் தெளிவான சான்று கிடைத்தது. எராகிராஸ்டிஸ் என்ற புல்லைத் தாக்க முடியாத குலை நோய்ப் பூஞ்சையில் ஒரேயொரு மரபணு செயலிழந்தால், அதே பூஞ்சை அந்தப் புல்லில் புள்ளி போடுகிறது. ஒரு மரபணு இருந்தால் கதவு மூடல், இல்லாவிட்டால் திறப்பு.

அன்றாட வாழ்க்கையில் இந்தக் கதவுகள் பெரும்பாலும் மூடியே இருக்கின்றன. நெல் கூட்டம் நெல்லில், தினைக் கூட்டம் செட்டாரியாவில், கேழ்வரகுக் கூட்டம் கேழ்வரகிலும் அதன் சொந்தக்காரப் புல்லிலும் என்று தனித்தனியாகவே வாழ்கின்றன. சோதனைச் சாலையில் வலிந்து தெளித்தால் சில சமயம் அடுத்த புல்லில் சின்னப் புள்ளிகள் வரும். வயலில் இருந்து எடுக்கும் மாதிரிகளில் அப்படிக் கலப்பது அபூர்வம். ஒரு காலத்தில் எல்லாவற்றையும் ஒரே இனம் என்று எண்ணிக் குழம்பினார்கள். 2002-ல் விரல்புல் எனப்படும் டிஜிட்டேரியாவில் வாழ்வதை பைரிகுலேரியா கிரிசியா என்றும், நெல், தினை, கேழ்வரகு, கோதுமை ஆகியவற்றில் வாழ்வதை ஒரைசே என்றும் பிரித்தார்கள். ஆகவே உங்கள் நெல்லில் குலை நோய் வந்தால் சந்தேகிக்க வேண்டியது முதலில் விதை, பழைய வைக்கோல், பக்கத்து நெல் வயல். வரப்பில் நிற்கும் நரிவால் புல்லின்மேல் பழி போடுவதற்கு ஆதாரம் குறைவு.

அபூர்வம் என்றால் நடக்காது என்று பொருள் இல்லை. 1985-ல் பிரேசிலின் பரானா மாநிலத்தில் கோதுமையில் திடீரென்று குலை நோய் வந்தது. அதற்கு முன் கோதுமைக்கு அப்படி ஒரு நோயே கிடையாது. அது எப்படி வந்தது என்று 2017-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். பெரும்பாலான கோதுமை ரகங்களில் ஒரு காவல் மரபணு இருக்கிறது. பக்கத்துப் புற்களில் வாழ்ந்த பூஞ்சையின் ஒரு புரதத்தை அது பார்த்ததும் தடுத்துவிடும். 1980களில் பிரேசிலில் பரவலாக விதைக்கப்பட்ட ஒரு ரகத்தில் அந்தக் காவல் மரபணு இல்லை. பூஞ்சைக்கு அது வாசல். அந்த ரகத்தில் பெருகிப் பழகிய பிறகு, பூஞ்சையில் அந்தப் புரதமே மாற்றம் அடைந்து, காவல் உள்ள ரகங்களையும் தாக்கத் தொடங்கியது. 2016-ல் அது வங்கதேசத்துக்கு வந்து சேர்ந்தது. தென் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது என்று மரபணு ஒப்பீடு காட்டியது. மறு வருடம் மேற்கு வங்கத்தின் எல்லை மாவட்டங்களான முர்ஷிதாபாதிலும் நதியாவிலும் கோதுமை விதைக்கவே தடை போட்டார்கள். தினையிலிருந்து நெல்லுக்கு அன்று நடந்ததையும் ஏறக்குறைய இப்படித்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். நோய்க்குப் பாலம் போட்டது வரப்புப் புல் என்பதைவிட, ஒரே ரகத்தைப் பெரும் பரப்பில் விதைத்த கை என்று சொல்வதே நியாயம்.

அடுத்தவர் அடிச்சாம்பல் நோய்க்காரர், ஸ்கிளெரோஸ்போரா கிராமினிகோலா. இதை வழக்கத்தில் பூஞ்சை என்று சொல்கிறோம். உயிரியலாளர்கள் கணக்கில் இது பூஞ்சையே இல்லை. கடலில் வாழும் பழுப்புப் பாசிகளுக்குச் சொந்தம். 1840களில் அயர்லாந்தைப் பட்டினி போட்ட உருளைக்கிழங்கு நோய்க்கிருமியும் இந்த வகைதான். பூஞ்சைக்கு வேலை செய்யும் மருந்துகளில் சில இதனிடம் பலிக்காததற்கு இதுவே காரணம்.

விடிகாலையில், வெயில் ஏறும் முன் நோயுற்ற செடியின் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் முழுக்க வெண்ணிற மாவு பூசியது போல இருக்கும். இரவு ஈரத்தில் உண்டான வித்துப்பைகள் அவை. வெயில் வந்ததும் காய்ந்து காணாமல் போகும், பத்து மணிக்குப் போனவர் எதையும் பார்க்க மாட்டார். வித்துப்பை ஈரத்தில் விழுந்தால் அதிலிருந்து வால் வைத்த நுண்ணுயிர்கள் நீந்தி இலைத் துளைக்குள் போகின்றன. உள்ளே போனது செடி முழுக்கப் பரவிவிடும். கதிர் வரும் நேரத்தில்தான் கோளாறு முழுசாகத் தெரியும்: மணி வைக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டி இலைகள் முளைத்து, கதிர் பச்சைத் துடைப்பம் போல நிற்கும். பச்சைக் கதிர் நோய் என்ற பெயர் அதனால்தான். கடைசியில் இலைகள் நாராகக் கிழிந்து, அவற்றுக்குள் இருக்கும் தடித்த சுவர் வித்துகள் மண்ணில் உதிர்ந்து வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் இதை முதலில் விவரித்தவர்கள் கையில் இருந்த மாதிரிகளே காட்டுச் செட்டாரியாக்களில் எடுத்தவைதான். இந்தியாவில் இதைக் கம்புப் பயிரில் விரிவாக எழுதியவர் தாவர நோயியலாளர் எட்வின் பட்லர், 1907-ல். பெயர் ஒன்றானாலும் இங்கேயும் வீடு வேறு. கம்பில் வாழும் கூட்டம் பெரும்பாலும் தினையைத் தாக்குவதில்லை, தினைக் கூட்டம் கம்பை நாடுவதில்லை. ஒற்றை ரக ஆபத்துக்கும் இங்கே ஓர் இந்திய உதாரணம் உண்டு. 1960களின் நடுவில் வந்த வீரிய ஒட்டுக் கம்பு ரகங்களுக்கு எல்லாம் ஒரே தாய் வரிசை, அமெரிக்காவில் உருவான டிஃப்ட் 23ஏ. விளைச்சல் கூடியது, பரப்பும் வேகமாகக் கூடியது. 1970களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோய் அந்த வயல்களை வரிசையாகச் சாய்த்தது. அதற்கு முன் நாட்டுக் கம்பில் அது இருக்கத்தான் செய்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாக.

துரு நோயையும் கரிப்பூட்டை நோயையும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கலாம். துரு கடைசிக் கட்டத்தில் இலையில் செம்பழுப்புக் கொப்புளமாக வரும், விரலால் தடவினால் துருப்பொடி ஒட்டும். மணி முற்றும் நேரமென்றால் இழப்பு பெரிதல்ல. கரிப்பூட்டை வேறு மாதிரி. வித்து விதையின் மேலேயே ஒட்டிவந்து, முளைக்கும்போதே உள்ளே புகுந்து, வெளியே ஒன்றும் காட்டாமல் கூடவே வளர்ந்து, மணியின் இடத்தில் கறுப்புப் பொடியை வைத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கதிர் நன்றாகவே தெரியும். விதை நேர்த்தி செய்தால் தீரும் நோய் இது. செய்யாமல் அதே கதிரிலிருந்து விதை எடுத்தால் மறுபடி வரும்.

பூச்சிகளுக்கு வருவோம். தினைக்கு இளம் பருவத்தில் பெரிய தொல்லை குருத்து ஈ. வீட்டு ஈயைப் போலவே, ஆனால் பாதி அளவில், சாம்பல் நிறத்தில் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் ஒரு முட்டை வைக்கும். வெள்ளையாக, நீளவாக்கில், இலை நரம்புக்கு இணையாக ஒட்டியிருக்கும். குனிந்து இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு எளிதில் கண்ணில் படும். ஓரிரு நாளில் பொரியும் புழு, இலையுறை வழியாகக் கீழே இறங்கி வளரும் நுனியை அறுத்துவிடுகிறது. அறுத்ததை உடனே தின்பதில்லை. அது அழுகிய பிறகு அந்த அழுகலைத் தின்கிறது. அதனால்தான் நடுக்குருத்து வாடிய செடியில் அந்தக் குருத்தைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும், அடியை முகர்ந்தால் நாறும்.

இதே நடுக்குருத்து வாடலைத் தண்டுத் துளைப்பானும் உண்டாக்கும். அதில் தண்டில் துளை இருக்கும், புழுவின் கழிவு பொடியாகத் தெரியும். குருத்து ஈயில் அது இருக்காது. முளைத்து ஒரு மாதத்துக்குள் வந்தது என்றால் பெரும்பாலும் ஈதான்.

குருத்து ஈக்களில் ஒரு விசித்திரம். பூஞ்சைகளைப் போலவே இவையும் ஓரளவு வீடு பார்ப்பவை. அதெரிகோனா என்ற ஒரே பேரினம்தான். சோளத்துக்கு ஓர் இனம், கம்புக்கு ஓர் இனம், சாமைக்கும் தினைக்கும் வேறு என்று பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு ஊரில் சோளம் விதைத்தவருக்கும் தினை விதைத்தவருக்கும் ஒரே வாரத்தில் குருத்து வாடினாலும் ஒருவர் வயலில் இருந்துதான் மற்றவர் வயலுக்குப் போனது என்று சண்டை போடத் தேவையில்லை.

இந்த ஈயிடம் ஒரு பலவீனம் உண்டு: கருவாட்டு நாற்றம். ஊறவைத்த கருவாட்டுத் தூளும் மருந்து நனைத்த பஞ்சும் வைத்த பொறியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சோளத்துக்கு எக்டேருக்கு 12 என்ற கணக்கில் பரிந்துரைக்கிறது, பயிருக்கு 30 நாள் ஆகும்வரை. அழுகலில் வளரும் பூச்சிக்கு அழுகல் வாசனை பிடிப்பதில் வியப்பில்லை. அதைவிட மலிவான வைத்தியம் பருவம் தவறாமல் விதைப்பது. முதல் மழைக்கே விதைத்த வயலில் ஈ பெருகும் முன் செடி முரடாகிவிடும். ஊரில் எல்லாரும் விதைத்து முடித்த பிறகு தாமதமாக விதைத்தவர் வயல்தான் மொத்த ஈக்கும் விருந்து. கொஞ்சம் கூடுதலாக விதை போட்டு, வாடிய செடிகளைப் பிடுங்கி எறியும் பழைய வழக்கத்துக்கும் இதே கணக்குதான் அடிப்படை.

இப்போது வரப்புப் புல்லின் முறை. எந்தக் கதவு திறந்திருந்தாலும் நுழைபவர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது யாரை? முதலாவது இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான், செசாமியா இன்ஃபெரன்ஸ். நெல், கேழ்வரகு, கரும்பு, மக்காச்சோளம், கோதுமை, தினை என்று எதையும் விடாது. தண்டு கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருந்தால் காட்டுப் புல்லும் சரிதான். இலையுறைக்கு உள்பக்கம் முட்டைகளை வரிசையாக மறைத்து வைப்பதால் வெளியே இருந்து தெரியாது. இரண்டாவது கதிர் நாவாய்ப்பூச்சி. நெல் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மட்டும் எங்கிருந்தோ கூட்டமாக வந்து இறங்கி, பாலை உறிஞ்சி மணியைப் பதராக்கும். அதன் நாற்றம் வரப்பில் நடக்கும்போதே மூக்கில் அடிக்கும். அந்த ‘எங்கிருந்தோ’ என்பது வரப்புப் புல்தான். நெல் இல்லாத மாதங்களில் செட்டாரியா போன்ற புற்களின் கதிரில் பால் குடித்துக்கொண்டு காத்திருக்கிறது. கையேட்டின் அந்த வரி இவற்றுக்காக எழுதப்பட்டது என்று எடுத்துக்கொண்டால் முழுக்கச் சரி. கதிர் விடும் முன் வரப்பைச் செதுக்குவது நாவாய்ப்பூச்சிக்கு எதிரான நல்ல நடவடிக்கை.

ஆனால் வருடம் முழுக்க மொட்டையாகச் செதுக்கிய வரப்பு நல்லதா என்றால், எனக்கு அதில் உடன்பாடில்லை. சிலந்திகளும், துளைப்பான் புழுவுக்குள் முட்டையிடும் சிறு குளவிகளும் அதே புல்லில்தான் இருக்கின்றன. கென்யாவில் இக்கிபே என்ற பன்னாட்டுப் பூச்சியியல் ஆய்வு நிலையம் இதையே முறையாக்கியது. மக்காச்சோள வயலைச் சுற்றி நேப்பியர் புல் நட்டார்கள். நம்மூரில் மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியரின் ஒரு பெற்றோர் அது. துளைப்பான் அந்துப்பூச்சி மக்காச்சோளத்தைவிட நேப்பியரில் முட்டையிடவே விரும்புகிறது. பொரித்த புழு தண்டைத் துளைத்தால் அங்கே சுரக்கும் பசையில் சிக்கி, பெரும்பாலானவை சாகின்றன. ஓரப் புல் பூச்சிக்குப் பொறியாகவும் இருக்கலாம், கூடாரமாகவும் இருக்கலாம். எந்தப் புல் என்பதைப் பொறுத்தது.

களைக்கே எதிரியாகும் பூச்சிகளும் உண்டு. சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன செட்டாரியா ஃபேபெரி, அங்கே மக்காச்சோள, சோயா வயல்களில் பெரிய களை. இலையுதிர் காலத்தில் தரையில் கொட்டும் அதன் விதைகளை ஹார்பாலஸ் என்ற கறுப்புத் தரை வண்டுகளும் சிள்வண்டுகளும் தேடித் தேடித் தின்கின்றன. உழாமல் விட்ட நிலத்தில் இந்த வேலை நன்றாக நடக்கிறது. உழுதால் விதை மண்ணுக்குள் போய்விடும், வண்டுக்குக் கிடைக்காது. நம் பக்கம் எறும்புகள் இப்படி விதை சுமப்பதை யாரும் பார்த்திருக்கலாம்.

பயிரானபின் தினை விதை உதிர்வதில்லை, கதிரிலேயே நிற்கிறது. காட்டு விரிடிஸில் முற்றியதும் கொட்டிவிடும். இந்த மாற்றத்துக்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றை 2020-ல் கண்டுபிடித்தார்கள். மனிதன் அறுக்க வசதியாக உதிராமல் நின்ற கதிர், கிளிக்கும் வசதியாகிப் போனது. சங்கப் பாடல்களில் பரண்மேல் நின்று குளிர், தட்டை என்ற ஒலிக் கருவிகளைக் கொட்டிக் கிளி ஓட்டும் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை கொடுத்தது அந்த மரபணு மாற்றம்தான் என்றால் மிகையில்லை.

எல்லாரும் கெடுதல் செய்பவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். விரிடிஸ் சிறியது, சில வாரங்களில் பூத்து விதைத்துவிடும், மரபுத்தொகையும் சின்னது. அதனால் உலகம் முழுக்க ஆய்வகங்களில் மக்காச்சோளம், கரும்பு வகைப் புற்களுக்குப் பதிலாளாக அதை வளர்க்கிறார்கள். 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், அதன் வேரில் அசோஸ்பைரில்லம் பாக்டீரியாவைச் சேர்த்து, கதிரியக்க நைட்ரஜனை வைத்து வேவு பார்த்தார்கள். பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்த நைட்ரஜன் நிஜமாகவே செடிக்குள் போகிறது என்று தெரிந்தது. எல்லா ரகங்களிலும் ஒரே அளவில் இல்லை, சிலவற்றில் மட்டும் மிக அதிகம். உர மூட்டைக் கடையில் பாக்கெட்டாக விற்கும் அதே அசோஸ்பைரில்லம். அடுத்த முறை அது ஒருவர் வயலில் பலன் தந்து பக்கத்து வயலில் தராமல் போனால், பாக்கெட்டோடு ரகத்தையும் விசாரிப்பது நல்லது.

2023-ஐ ஐநா சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு தினைக்குத் திடீர் மவுசு. திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் உள்ள சிறுதானிய மையத்திலிருந்து புதிய ரகங்கள் வருகின்றன, கடைகளில் தினை அவல், தினை சேமியா கிடைக்கிறது. தினைக்கு நோய் குறைவு, மருந்தே வேண்டாம் என்ற பேச்சும் கூடவே வருகிறது. இத்தனை காலம் அது மலைச்சரிவிலும் மானாவாரித் துண்டு நிலங்களிலும், சாமையோடும் துவரையோடும் கலந்து, ஊருக்கு ஒரு ரகமாக இருந்தது. பூஞ்சைக்குப் பெருகி வளர இடம் கிடைக்காத ஏற்பாடு அது. ஒரே ரகத்தை, பாசனத்தில், நெருக்கமாக, நூறு ஏக்கரில் தொடர்ந்து விதைத்தால் அந்தப் பேச்சு நிற்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

தடுப்புச் சக்தியைத் தேட இடம் இருக்கிறது. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தின் மரபணு வங்கியில் சுமார் 1,500 தினை வகைகள் உள்ளன. சீனாவில் அதைப்போலப் பல மடங்கு சேமிப்பு இருக்கிறது. இக்ரிசாட்டில் அவற்றைக் குலை நோய்க்கு உட்படுத்திப் பார்த்தபோது தாங்கி நின்றவையும் கிடைத்தன. காட்டு விரிடிஸோடு தினையை எளிதில் கலப்பினம் செய்யலாம், பிள்ளைகளும் மலடாவதில்லை. ஆகவே வேண்டிய காவல் மரபணு பயிரில் இல்லாவிட்டால், குலை நோயோடு பயிரைவிட நீண்ட காலம் பழகிய அந்தக் களையிடம் போய்க் கேட்கலாம். அதுவரை மானாவாரியில் தினை போடுபவர் செய்யக்கூடியது மூன்று: கரிப்பூட்டைக்கு விதை நேர்த்தி, ஈக்கு முந்திய விதைப்பு, பக்கத்து வயலில் இருப்பதைத் தவிர்த்து வேறு ரகம்.